கொதிமடுத் தண்ணி குறையல்ல

போன் செத்துப்போச்சா தம்பி? அந்த ஓட்டையில குத்தாதீங்க, இந்த பஸ்ஸில அது வேலை செய்யாது. டிரைவர்ட பாட்டுப் பெட்டிக்கு மட்டும்தான் கரண்ட் போகும். வீட்ட போய்ப் போடுங்க. போடக்குள்ள ஒண்ட நினைச்சுக்கொள்ளுங்க, உங்கட போனுக்க ஏறுற கரண்டில கொஞ்சம் எங்கட ஊர்ட சூடு. சும்மா சொல்லல்ல. எங்கட ஊர் கொதிமடு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. முந்தி சுடுதண்ணியில குளிக்க வாற சனத்துக்குத் தெரியும். இப்ப அவங்களும் வாறல்ல.

இப்பிடித் தள்ளி இருங்க, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். நீங்க எங்க, பதுளைக்கா? அப்ப தூரம் கிடக்கு. நான் அதுக்கு முதலே இறங்கிருவன், அடுப்புக்கல் சந்தியில. அந்தா, முன்னுக்கு ரெண்டாவது சீட்டில பச்சைச் சீலை, மடியில பேக் வச்சிருக்கிறாள், அதுதான் என்ட மனுசி. நேசமலர். ரெண்டு பேருக்கும் ஒண்டா இருக்க இடம் கிடைக்கல்ல. கிடைச்சிருந்தாலும்… சரி, அத விடுங்க.

நான் வட்டவிதானை. தெரியுமா, வட்டவிதானை எண்டா? வயலுக்குத் தண்ணி பிரிக்கிற ஆள். குளத்துத் துருசுக் கதவு திறந்தா எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, ஆர்ட வயல் கண்டத்துக்கு முதல், ஆர்ட கண்டத்துக்குப் புறகு, எல்லாம் அவன்ட வாயாலதான் வரணும். ஒவ்வொரு போகமும் ஆரம்பக் கூட்டத்தில காணிக்காரர் கை தூக்கித் தெரிவு செய்வாங்க. எனக்கு, இந்தப் பூபாலபிள்ளைக்கு, தூக்கின கைய எண்ணுற பழக்கம் எங்கட ஊரில இருக்கல்ல. வாய்க்காலுக்க கால வச்சா எத்தின விரக்கடை, எத்தின விரல் உயரத்துக்குத் தண்ணி ஓடுது எண்டு சொல்லிருவன். எனக்குத் தெரியாம ஒருத்தன் ஒரு வரம்ப வெட்டேலா.

இப்ப நான் விதானை இல்ல. போன போகத்தோட இல்ல. துரோகம் தம்பி. வேற சொல்லு எனக்குத் தெரியா.

கேளுங்க. எங்கட ஊரில மூண்டு மடு கிடக்கு. நிலத்துக்குள்ள இருந்து சுடச்சுட ஊறுற தண்ணி. முதலாவதில குளிக்கலாம். ரெண்டாவதில மூட்டு வருத்தக்காரர் கால வச்சுக்கொண்டு இருப்பாங்க, கதை ஊர்க்கதையா இருக்கும். மூண்டாவதுக்க கை வைக்கேலா, அவ்வளவு சூடு. அது எங்கட வளவோட ஒட்டினது. எங்கட வளவு எண்டா, அவள்ட வளவு. எங்கட பக்கம் வீடும் காணியும் பொம்பிளைக்குத்தான் சீதனமாப் போகும். ஆம்பிளை உடுத்த சாரனோட போய் இருக்கிறதுதான். அதில வெக்கப்பட ஒண்டுமில்ல, எல்லாரும் அப்பிடித்தான்.

அந்த மூண்டாவது மடுவுக்கதான் மலர் நெல்லு அவிக்கிறவள். சாக்கோட கட்டிப் பொழுதுபடக்குள்ள இறக்கி விட்டா, விடிய நெல்லு வாய் பிளந்து கிடக்கும். விறகு வேணாம், அடுப்பு வேணாம், புகையில கண் எரியாது. ஊர்ப் பொம்பிளையள் பாதிப்பேர் அவளோட சேர்ந்து அந்த வேலைதான் செஞ்சாங்க. கொதிமட்டு அரிசி எண்டு சந்தையில கேட்டு வாங்குவாங்க. எங்கட ரெண்டு பொட்டைப் புள்ளையளுக்கும் வீடு கட்டிக் குடுத்தது அந்த மடுதான். நான் கட்டினன் எண்டு வெளியில சொல்லுவன். உங்களுக்கு என்னத்துக்குப் பொய்.

அப்பத்தான் கொம்பனி வந்திச்சு. கொம்பனி எண்டா முதல்ல ஒரு ஜீப்பும் ஒரு பொடியனும். மயூரதன் எண்டு பேர், இஞ்சினியர். நல்ல பொடியன். அதத்தான் என்னால இண்டைக்கும் தாங்கேலாமக் கிடக்கு. கள்ளன் எண்டா மறந்திருவன். ஊருக்க தங்க இடமில்ல எண்டு எங்கட முன் அறையில இருந்தான். மலர்ட கையால சோறு திண்டான். அவளை அக்கா எண்டான், என்னை விதானையார் எண்டான். மீன் சொதிய கோப்பையோட தூக்கிக் குடிப்பான். அப்பிடிப் பழகினவன்.

அவன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். "விதானையார், உங்கட தண்ணி கொதிக்கிற அளவுக்குச் சூடில்ல. கொதிக்கவும் தேவையில்ல. கையில ஸ்பிரிட் தேச்சா உடனே காயுதே, அது மாதிரி லேசில ஆவியாகிற ஒரு திரவத்தக் குழாய்க்க அடைச்சு வச்சிருப்பம். உங்கட சுடுதண்ணி அந்தக் குழாயத் தொட்டுக்கொண்டு போனாப் போதும். உள்ளுக்க இருக்கிறது ஆவியாகிச் சக்கரத்தச் சுத்தும், கரண்ட் வரும். புகையுமில்ல, கரியுமில்ல." நல்ல விசயம்தானே. இப்பவும் சொல்றன், நல்ல கரண்ட்தான். அதில குற்றம் சொன்னா நாக்கு அழுகும்.

பள்ளிக்கூட மண்டபத்தில கூட்டம் வச்சாங்க. ஊருக்காகக் கதைக்கிறது நான்தான், அத ஆரும் சொல்லத் தேவையில்ல, முன் கதிரை எனக்கெண்டே கிடந்திச்சு. மயூரதன் எழும்பிச் சொன்னான், "எங்களுக்குத் தண்ணி தேவையில்ல. தண்ணியிட சூடு மட்டும்தான் தேவை. சூட்ட எடுத்துப்போட்டுத் தண்ணிய நிலத்துக்குள்ளயே திருப்பி இறக்கிருவம்."

நான் விடுவனா. எத்தின இஞ்சினியரக் கண்டவன் நான். "ஒரு விரக்கடை தண்ணியும் குறையாதா?" எண்டன். குறையாது எண்டான். "கோடையில?" கோடையிலயும் குறையாது எண்டான். "நீங்க மேல குழாய் இறக்கினா ஊத்து இடம் மாறிப் போகாதா?" அதுக்கும் பதில் வச்சிருந்தான். ஒவ்வொரு கேள்விக்கும் சனம் கை தட்டிச்சு. அவனுக்கில்ல, எனக்கு.

அப்ப பொம்பிளையள்ட பக்கத்தில மலர் எழும்பினாள். "தம்பி, அந்தச் சூட்ட எடுத்தா…" எண்டு தொடங்கினாள். நான் திரும்பிச் சொன்னன், "நீ இரு புள்ள. நான் கதைக்கிறன்." கோவமாச் சொல்லல்ல. ஒரு கூட்டத்தில ரெண்டு வாய் கதைச்சாக் கொம்பனிக்காரனுக்குத்தான் லாபம். ஊர் ஒரு வாயாலதான் கேக்கணும். அவளும் இருந்திட்டாள். அப்ப விளங்கின மனுசியா இருந்தாள். மயூரதன் அவளப் பாத்து வாயத் திறந்தான், பதில் சொல்ல. நான் உடனே அடுத்த கேள்வியப் போட்டன். அப்பிடி விட்டா பிடி தளர்ந்திரும் தம்பி, கூட்டத்தில பிடி தளரக் கூடாது.

அந்த அடுத்த கேள்வியில இருக்கு என்ட கெட்டித்தனம். "சூடு எடுத்த தண்ணிய எங்க இறக்கப் போறீங்க?" எண்டு கேட்டன். ஆத்துக்கு அங்கால எண்டான். கேட்டீங்களா? ஆத்துக்கு அங்கால வேற ஊர். எங்கட மண்ணுக்க ஊறுற தண்ணி, அந்த ஊர்க்காரனுக்கு. வாய்க்கால் தண்ணி ஒரு சொட்டு வரம்பு தாண்டினாலே நித்திரை கொள்ளாதவன் நான். "ஏலா" எண்டன். "எங்கட தண்ணி எங்கட மடுவுக்குக் கிட்டவே இறங்கணும்." அவன், "விதானையார், கிட்ட இறக்கினா…" எண்டு இழுத்தான். "கிட்ட இறக்கினா உங்களுக்குக் குழாய்ச் செலவு குறையும், எங்களுக்குத் தண்ணி நிக்கும். ரெண்டு பேருக்கும் நல்லம்" எண்டன். பின்னுக்கு இருந்த கொம்பனிப் பெரியவர், கோட்டுப் போட்டவர், அவர் சிரிச்சுக்கொண்டு உடனே ஓம் எண்டார். ஒரு கொம்பனிய அவ்வளவு கெதியா ஓம் சொல்ல வச்சவன் இந்தப் பக்கத்தில நான் ஒருத்தன்தான். சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சு.

ஒப்பந்தத்தில அத எழுதி வாங்கினன். எழுத்த மட்டும் நம்பல்ல. மூண்டாவது மடு வழிஞ்சு போற வாயில ஒரு கருங்கல்லு நட்டன். மேசனப் பிடிச்சு அதில கோடு வெட்டினன். தண்ணி அந்தக் கோட்டத் தொட்டுக்கொண்டு நிக்கணும், கோட்டுக்குக் கீழ இறங்கினாக் கொம்பனி பதில் சொல்லணும். குளத்துக்கு அளவுக்கல்லு இருக்கே, அது மாதிரி. இப்பவும் கிடக்கு. கிழமைக்கு ஒருக்காப் பாசி சுரண்டி வைக்கிறது நான்தான்.

மயூரதன் சாப்பிடக்குள்ள ஒருக்காக் கேட்டான், அதையும் மறைக்காமச் சொல்றன். "விதானையார், சூட்டப் பத்தி மட்டும் இன்னொரு கூட்டம் வைப்பமா? அக்காவும் ஏதோ கேக்க வந்தா." நான் சிரிச்சிட்டன். "சூடு என்ன தம்பி, நாங்க மூட்டின அடுப்பா அணையிறதுக்கு? அது மண்ணுக்க கிடக்கு. நீ தண்ணிய ஒழுங்காத் தா, சூடு தானா வரும்" எண்டன். அவன் மலரப் பாத்தான். அவள் அவன்ட கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊத்தினாள். இப்ப யோசிச்சாத்தான் தெரியுது, அண்டைக்கே அவங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம்.

கட்டி முடிச்சாங்க. மந்திரிமார் வந்தாங்க, மாலை போட்டாங்க, எனக்கும் ஒண்டு விழுந்திச்சு. ரோட்டு முழுக்க லைட். மெசின் சத்தம் கூடப் பெரிசில்ல, தேன்கூட்டுக்குக் கிட்ட நிண்டா வாற இரைச்சல்தான். தண்ணி கோட்டுலயே நிண்டிச்சு. நான் காலையும் மாலையும் போய்ப் பாத்தன். ஒரு மயிரிழையும் குறையல்ல.

புறகு ஒரு நாள் விடிய மலர் வந்து சொன்னாள், "நெல்லு வாய் பிளக்கல்ல." சாக்குக் கட்டினது பிழையாக்கும் எண்டன். அடுத்த நாளும் பிளக்கல்ல. நெல்லு பழசாக்கும் எண்டன். அடுத்தடுத்து அப்பிடியே. குளிக்க வாற சனமும் போர்த்துக்கொண்டு திரும்பிப் போகத் தொடங்கிச்சு. நான் போய்க் கல்லப் பாத்தன். கோட்டுலதான் நிக்குது. "தண்ணி சரியாத்தான் கிடக்கு புள்ள" எண்டன்.

அவள் என்ட மணிக்கட்டப் பிடிச்சாள். பிடிச்சு, முழங்கை வரைக்கும் அந்த மடுவுக்க அமத்தினாள். நான் கத்தப் பாத்தன். கத்தத் தேவைப்படல்ல தம்பி. அந்த மடுவுக்க ஒரு மனுசன் கை வச்சு எடுக்காம நிண்டது அண்டைக்குத்தான். பச்சப் புள்ளையக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் சூடு. அவளும் கைய விடல்ல, நானும் எடுக்கல்ல. எனக்கு அழுகை வந்திச்சு. நம்பினதெல்லாம் காலுக்குக் கீழ இருந்து கழண்டு போன மாதிரி. அவள் அழல்ல. அவள் என்ட முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள்.

அப்பிடியே ஈரக் கையோட கொம்பனிக்குப் போனன். மயூரதன் வெளியில வந்தான். "திண்ட சோத்துக்குத் துரோகம் செஞ்சிட்டாயேடா" எண்டன். அவன்ட முகம் கறுத்துப் போச்சு. "சூட்டத்தான் எடுக்கிறம் எண்டு முதல் நாளே சொன்னன் ஐயா" எண்டான். விதானையார் இல்ல, ஐயா. "நிலத்துக்க சூடு அப்பிடியேதான் கிடக்கு. ஆனா நாங்க இறக்கிற தண்ணி ஆறின தண்ணி. அது மடுவுக்குக் கிட்ட இறங்கினா மடுவும் ஆறும். அதாலதான் நான் ஆத்துக்கு அங்கால எண்டு பிளானில கீறினன்." "அத ஏன் அண்டைக்கே வாயத் திறந்து சொல்லல்ல?" எண்டன். "நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னன் ஐயா" எண்டான். பாருங்க கதைய. சாதுரியமாக் கதைக்கப் படிச்ச பொடியன். குழாய மாத்தச் சொன்னன். ஒப்பந்தத்தில கிட்ட இறக்கணும் எண்டுதானே எழுதியிருக்கு, மாத்தக் கொம்பனி ஓம் சொல்லாது எண்டான். என்ட எழுத்தையே எடுத்து என்ட கழுத்தில வச்சாங்க. இதுக்குப் பேர் துரோகம் இல்லாம வேற என்ன?

இது வெளியாள் செஞ்சது. வெளியாள் செஞ்சா மனுசன் தாங்கிருவான்.

நான் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டு இருக்கக்குள்ள, மலர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமக் கொம்பனி வாசலுக்குப் போயிருக்கிறாள். ஒரு நாளில்ல, தினமும். பொம்பிளையளயும் கூட்டிக்கொண்டு, அவியாத நெல்லுச் சாக்கு ஒவ்வொண்டையும் கொண்டுபோய் கேற்றடியில அடுக்கி, அதுக்கு மேல ஏறி இருந்திருக்கிறாங்க. சத்தம் போடல்ல, கதைக்கல்ல, வெத்திலை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாங்க. லொறி உள்ளுக்கும் போகேலா, வெளியிலயும் வரேலா. கடைசியில கோட்டுப் போட்ட பெரியவரே இறங்கி வந்து என்ன வேணும் எண்டு கேட்டாராம். அவள் தண்ணிய நிப்பாட்டச் சொல்லல்ல, மெசின நிப்பாட்டச் சொல்லல்ல. "உங்கட மெசினுக்குப் போக முதல் ஒரு சின்னக் குழாய் எங்களுக்குப் பிரிச்சு விடுங்க. அதில வாறது இவ்வளவு சூடு இருக்கணும் எண்டு எழுதித் தாங்க" எண்டிருக்கிறாள். குடுத்திட்டாங்க. இப்ப ரோட்டோரம் சீமெந்துத் தொட்டி கட்டி, பொம்பிளையள் அதிலதான் நெல்லு அவிக்கிறாங்க. மடு சும்மா கிடக்கு.

நீங்க சொல்லுங்க தம்பி, இது சரியா? அந்தக் குழாய்த் தண்ணி கணக்கில இல்ல. அது மடுவுக்கு வராது, கல்லுக்கு வராது, எந்தக் கோட்டையும் தொடாது. அளக்காத தண்ணி. விதானை எண்ட முறையில நான் அத எதிர்க்கத்தான் வேணும். ஊர்க் கூட்டத்தில எதிர்த்தன். சொந்தப் பொஞ்சாதிக்கு எதிரா எழும்பி நிண்டன், கடமைக்காக. வேற ஒரு கையும் எழும்பல்ல. அவள் என்னக் கோவிக்கவுமில்ல. வீட்ட வந்து வழமை போலச் சோறு போட்டாள். கோவிச்சிருந்தா நல்லம்.

புறகு ஆரம்பக் கூட்டம். வட்டவிதானை தெரிவு. என்ட பேரச் சொன்னாங்க. நான் எழும்பிக் கும்பிட்டுக்கொண்டு நிண்டன், பழக்கத்தில. கை ஒண்டும் எழும்பல்ல. சரி, சனம் நன்றி கெட்டது, அது தெரிஞ்சதுதான். நான் பாத்தது ஒரு கையத்தான். காணி அவள்ட பேரில, கை தூக்கிற உரிமை அவளுக்கு. எல்லாப் போகமும் முதல்ல எழும்புற கை அது. அண்டைக்கு அந்தக் கை மடியில கிடந்திச்சு. நான் பாக்கிறன் எண்டு தெரிஞ்சும் மடியில கிடந்திச்சு. வாய்க்கால் கடைசிக் காணிக்காரன் சாமித்தம்பியட பேரச் சொல்லக்குள்ளதான் எழும்பிச்சு.

அதத் தாங்கேலா தம்பி. கொம்பனி எடுத்தது மடுவிட சூட்ட. அவள் எடுத்தது… எனக்குச் சொல்லத் தெரியல்ல.

மயூரதன் மாற்றலாகிப் போகக்குள்ள வீட்ட வந்தான். நான் உள்ளுக்கு இருந்தன், வெளியில வரல்ல. தண்ணிச் சூடு பாக்கிற நீளத் தெர்மோமீட்டர் ஒண்டு வச்சிருந்தான், நல்ல சாமான். அத மலர்ட கையில குடுத்திட்டுப் போனான். வீட்டில ஆம்பிளை ஒருத்தன் இருக்கக்குள்ள. அவன் போன புறகு அவள் அந்த ஜீப் போன திக்கப் பாத்துக்கொண்டு நிண்டாள், புள்ளைய வழி அனுப்பின மாதிரி.

இப்ப அந்தக் கொம்பனி அடுப்புக்கல்லுக்கு வருது. அங்கயும் சுடுதண்ணி ஊத்து இருக்கு. இண்டைக்கு அங்க முதல் கூட்டம். போன கிழமை அந்த ஊரில இருந்து நாலு பேர் மோட்டார் சைக்கிளில வந்தாங்க. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. என்ன இருந்தாலும் அனுபவக்காரன் ஆர் எண்டு வெளியூர்க்காரனுக்குத் தெரியுது பாத்தீங்களா. சேர்ட்டப் போட்டுக்கொண்டு வந்து கதிரை எடுத்துப் போட்டன், இருங்க இருங்க எண்டன். இருந்தாங்க. தேத்தண்ணி குடிச்சாங்க. புறகு ஒருத்தர் கேட்டார், "அக்கா வீட்டில நிக்கிறாவா? அவவத்தான் கூட்டத்துக்குக் கேட்டு வந்த நாங்க."

பரவாயில்ல. நானும் துணைக்கு வாறன் எண்டன். பொம்பிளைய எப்பிடித் தனிய அனுப்புறது. அவளும் வேணாம் எண்டு சொல்லல்ல.

நான் ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருக்கிறன், அந்தச் சனம் என்னென்ன கேக்கணும் எண்டு. அளவுக்கல்லு எங்க நடுறது, கோடு எவ்வளவு உயரத்தில வெட்டுறது, எல்லாம். இண்டைக்குக் காலையில அவள் பேக் அடுக்கக்குள்ள சொன்னன், "முதல்ல நான் எழும்பித் தண்ணி அளவக் கேட்டுருவன். புறகு நேரம் இருந்தா நீயும் ஏதாவது சொல்லலாம்." அவள் அந்தத் தெர்மோமீட்டரத் துவாயில சுத்திக்கொண்டு இருந்தாள். கூட்டத்துக்கு முதல் ஊத்துக்க விட்டுச் சூடு பாத்து, ஊர்ச் சனத்துக்கு முன்னால உரக்கச் சொல்லப் போறாளாம். துவாயச் சுத்தி முடிச்சு, பேக்குக்க வச்சு, சிப்ப இழுத்தாள். இழுத்திட்டு நிமிர்ந்து பாத்தாள். கோவமில்ல. சாதாரணமாத்தான் பாத்தாள்.

அந்தா எழும்பிட்டாள். சந்தி வந்திட்டுதாக்கும். காலடியில கிடக்கிற பையக் கொஞ்சம் எடுத்துத் தாங்க தம்பி, சோத்துப் பார்சல். பாரமில்ல, நான் தூக்குவன்.

இத்தின வருசம் ஒரு கூரைக்குக் கீழ இருந்த மனுசி, என்ட முகத்தப் பாத்து அப்பிடி ஒரு கதை சொல்லுவாள் எண்டு நான் நினைக்கவேயில்ல. காலையில சிப்ப இழுத்த கையோட, "நீங்க இருங்க. நான் கதைக்கிறன்" எண்டாள். எங்க படிச்சாளோ, ஆர் படிப்பிச்சாங்களோ, எனக்கு விளங்கவேயில்ல.